பொறாமைப் பாட்டு விசாரணை

உஷாராணி: மெல்லச் சிரிங்கக்கா… உள்ள கேக்கப்போகுது.

ஹம்சா: கேக்கட்டுமே! ஒரு மைக் ஒயர் கழண்டதுக்கு விசாரணைக் கமிட்டியாம். ரிடையராகி வருஷக்கணக்காச்சு, இவாளுக்கு ஆபீஸ் புத்தி மட்டும் ரிடையராகலை. நாடகக் குழுவா நடத்தறா? மினிஸ்ட்ரின்னா நடத்தறா!

உஷாராணி: மைக் செட் வேணுவுக்கு மெமோவே குடுத்துட்டாங்களாம்ல?

ஹம்சா: வாட்ஸாப்ல. ‘நேற்றைய நாடகத்தின் மூன்றாம் காட்சியில் பக்கத்திரை மைக் செயலிழந்தமைக்கான காரணத்தை விளக்குக.’ கீழ ரங்கராஜன், முன்னாள் அண்டர் செக்ரட்டரி. நாடகம் எழுதினவர் அவர், டைரக்டர் அவர், இப்போ ஜட்ஜும் அவரே.

உஷாராணி: பாவம் வேணு. முனிர்காவுல இருந்து ஆம்ப்ளிஃபயர ஆட்டோவுல போட்டுக்கிட்டு வருவாரு. ரெண்டு சமோசா, ஒரு டீ. அதுக்கு மேல வாயத் தொறந்து ஒண்ணு கேட்டதில்ல. அரை மணி நேரமா அவர உள்ள வச்சு என்னத்தக் கேக்குறாங்க?

ஹம்சா: என்னத்தக் கேப்பா? ‘ஒயரை வாங்கினது எப்போ, யார் சாங்க்‌ஷன் பண்ணினா’ன்னு கேப்பா. நீ காபியைக் குடி, ஆறறது. டெல்லிலயே இந்த சாணக்யபுரி கெஸ்ட் ஹவுஸ் காபி ஒண்ணுதான் காபின்னு சொல்லிக்கற மாதிரி இருக்கு. அதுக்காகவே மாசம் ஒரு விசாரணை வெக்கலாம்.

உஷாராணி: ஒங்க நெகத்துல என்னக்கா, கருப்பா?

ஹம்சா: எங்கே? ஓ… இதுவா. மை. நேத்து உனக்குக் கண்ணுக்கு இட்டு விட்டேனே.

உஷாராணி: ஆமால்ல. கொண்டைக்குப் பூவும் நீங்கதான் வச்சு விட்டீங்க. இத்தன வருசத்துல மொதத் தடவ.

ஹம்சா: வெச்சா என்ன? மேடைல நிக்கப்போறவ, அழகா இருக்கட்டுமேன்னு வெச்சேன்.

உஷாராணி: நல்லா இருந்துச்சுக்கா. அதுனாலதான் சொல்றேன்.

ஹம்சா: இந்தப் பாட்டுக்கு அந்தப் பூ ஒண்ணுதான் கேடு. முன் வரிசைல மாமிகள்லாம் கண்ணைத் தொடச்சுண்டாளே, பாத்தியோ? அதுல அழறதுக்கு என்னடி இருக்கு? கப்பல்காரன் கடல் தாண்டிப் போறான், வரச்சே இன்னொருத்தியைக் கூட்டிண்டு வரான். மூத்தவ அடுப்படில நின்னுண்டு பாடறா, ‘அவள் கொண்டையிலே வாடாத பூவோ, என் அடுப்படியிலே தீராத புகையோ’ன்னு. பக்வாஸ்! சுத்தப் பேத்தல்!

உஷாராணி: எந்தப் பொம்பளக்கா பாடுவா? எங்க மதுரப் பக்கமா இருந்தா கரண்டியத்தான் தூக்குவா.

ஹம்சா: தூக்கட்டும், நியாயம். ஆனா யாருக்காகத் தூக்கறா? ஜெயராமுக்காக! தொப்பையை பெல்ட் போட்டுக் கட்டிண்டு, மூச்சை இழுத்துப் பிடிச்சுண்டு நிக்கறார், கப்பல்காரனாம். இந்த மூஞ்சிக்காக ரெண்டு பொம்மனாட்டி அடிச்சுக்கறாளாம்.

உஷாராணி: மால போடுற காட்சியில என் மூஞ்சியிலயே தும்முனாருக்கா.

ஹம்சா: அதைத்தான் நான் திரைக்குப் பின்னாலேந்து கேட்டேனா? இடி விழுந்துதோன்னு நினைச்சேன்.

உஷாராணி: சிரிக்க வைக்காதீங்க… காபி மூக்குல ஏறுது…

ஹம்சா: ரங்கராஜன் எழுதற எல்லா நாடகத்துலயும் இதே கூத்துதான். ராஜா கதைன்னா ரெண்டு ராணி. கிராமத்துக் கதைன்னா அக்கா, தங்கை. ஆம்பளைக்கு வீரப் பாட்டு, பொம்மனாட்டிக்குப் பொறாமைப் பாட்டு. அரே, ஆம்பளைக்குப் பொறாமையே கிடையாதா? உள்ள கமிட்டில உக்காந்திருக்காரே கஸ்தூரிரங்கன், அவர் மாப்பிள்ளைக்குப் பெரிய குவார்ட்டர்ஸ் கிடைச்சுப் பால் காய்ச்சினாளே, அதுக்கு ரங்கராஜன் வந்தாரோ?

உஷாராணி: ஜொரம்னாரே அன்னைக்கு.

ஹம்சா: ஜுரமாம்! அன்னிக்கு சாயங்காலம் சரோஜினி நகர் மார்க்கெட்ல ஜிலேபி தின்னுண்டு நின்னார், என் கண்ணால பாத்தேன். அந்த ஜுரத்துக்கு எழுதச் சொல்லேன் ஒரு பாட்டு. ‘அவன் வீட்டிலே நாலு பெட்ரூமோ, என் வீட்டிலே ஒழுகும் பாத்ரூமோ!’

உஷாராணி: ஐயோ அக்கா… மெட்டுக் கூட அப்படியே உக்காருது!

ஹம்சா: உக்காராம என்ன? பொறாமைக்கு மெட்டு ஒண்ணுதான். யாருக்கு யார்மேலங்கறதுதான் வேற.

உஷாராணி: ஆனா நெசப் பொறாமைக்குப் பாட்டே வராதுக்கா.

ஹம்சா: பின்ன என்ன வரும்?

உஷாராணி: நெசமா வந்துருச்சுன்னா மனுசங்க நல்லாப் பேசுவாங்க. ரொம்ப நல்லா. வழக்கத்தவிட நல்லா. வீட்டுக்கு வந்து விசாரிப்பாங்க, கண்ணுக்கு மை இட்டு விடுவாங்க…

ஹம்சா: என்னடி சொல்றே?

உஷாராணி: பொதுவாச் சொன்னேன். நம்ம ரங்கராஜன் சாரும் மறுநாள் கஸ்தூரிரங்கன் சார் வீட்டுக்கு சுவீட் பாக்ஸோட போனாருல்ல?

ஹம்சா: ம்… போனார், போனார். சரி, அதை விடு. உள்ள நீ என்ன சொல்லப்போறே? நாம ரெண்டு பேரும் ஆளுக்கொண்ணு சொன்னா நன்னா இருக்காது.

உஷாராணி: நடந்ததச் சொல்லுவேன். எப்பவும்போல நான் மேடையில அடுப்புக்கிட்ட நின்னேன். நீங்க பக்கத்திரைக்கு உள்ள, ஆர்மோனியத்தோட. நீங்க பாடணும், நான் வாயசைக்கணும்.

ஹம்சா: வருஷா வருஷம் அப்படித்தானே. குரல் என்னோடது, மூஞ்சி உன்னோடது.

உஷாராணி: ஆர்மோனியம் வந்துச்சு. நானும் வாயத் தொறந்தேன். சத்தத்தக் காணோம்.

ஹம்சா: நான் பாடிண்டேதான் இருந்தேன்.

உஷாராணி: அப்படியாக்கா?

ஹம்சா: பின்ன? மைக் செத்துப்போச்சுன்னு எனக்கு என்ன தெரியும்? கண்ணை மூடிண்டு பாடிண்டிருந்தேன்.

உஷாராணி: ஆர்மோனியமும்ல நின்னு போச்சு…

ஹம்சா: அதுவும் அந்த மைக் வழியாத்தானே ஹாலுக்குக் கேக்கணும்!

உஷாராணி: அதுவுஞ் சரிதான்.

ஹம்சா: இதை இப்படியே சொல்லு.

உஷாராணி: ஹால் நெறைய சனம். நான் வாயத் தொறந்துக்கிட்டு மீன் மாதிரி நிக்கிறேன். பின்னால யாரோ ஒரு ஆளு சிரிச்சாரு. அந்தச் சிரிப்பு இருக்கே… இன்னும் காதுலயே கெடக்கு. பெறவுதான் நானே பாடுனேன். மேல தொங்குற வசன மைக்கு வேல செஞ்சுச்சு, அதுல கேட்டுருச்சு.

ஹம்சா: கேட்டுது, கேட்டுது. தப்பா நினைச்சுக்காதே உஷா, சுருதி ஃபரீதாபாத் பக்கம் போயிடுத்து.

உஷாராணி: தெரியும்.

ஹம்சா: ரெண்டாவது அடில குரல் ஒடைஞ்சது. அப்பறம் நீ பாடலை, கத்தினே. ‘புகையோ’ன்னு கேட்டப்போ நெஜமாவே எங்கேயோ தீ பிடிச்சுண்டுடுத்தோன்னு கேட்டா கடைசி வரிசைல.

உஷாராணி: கைதட்டுனாங்களேக்கா.

ஹம்சா: டெல்லிக் கூட்டம்டி! தமிழ்ல யார் என்ன கத்தினாலும் தட்டுவா.

உஷாராணி: எந்திரிச்சு நின்னுல்ல தட்டுனாங்க.

ஹம்சா: இடைவேளைன்னு நினைச்சு எழுந்திருப்பா. போண்டா வாசனை வந்திருக்கும்.

உஷாராணி: ரங்கராஜன் சாரு மேடைக்கே வந்துட்டாரு. ‘இத்தனை வருசமா நான் எழுதுன பொறாமைப் பாட்டு இன்னைக்குத்தான் பொறாமையாக் கேட்டுச்சு’ன்னாரு.

ஹம்சா: அப்படியா சொன்னார்?

உஷாராணி: ஒங்ககிட்டச் சொல்லலியா?

ஹம்சா: எங்கிட்ட எதுக்குச் சொல்றார்? நான் ஆர்மோனியத்தை உறைக்குள்ள திணிச்சுண்டிருந்தேன். சென்னை விழாவுக்கு உன்னையே பாடச் சொல்லிட்டாராமே?

உஷாராணி: யாரு சொன்னா?

ஹம்சா: ஊரே சொல்றது. பக்கத்திரையே வேண்டாமாம். ஆர்மோனியத்துக்கு அங்கேயே ஒரு ஆளைப் பிடிச்சுக்கறாளாம். எனக்கு டிக்கெட் கட்.

உஷாராணி: இன்னும் முடிவாகலக்கா. ‘விசாரணை முடியட்டும், மைக்கு தானாப் போயிருந்தா ஹம்சாவையும் சேத்துக்க யோசிக்கலாம்’னாரு. ‘யாரும் வேணும்னு செஞ்சிருந்தா அந்த ஆளு சென்னைக்கு இல்ல, குழுவுலயே இருக்கக் கூடாது’ன்னாரு.

ஹம்சா: அந்தச் சென்னை விழால ஒரு வழக்கம் இருக்காம், தெரியுமோ? நாடகம் முடிஞ்சதும் திரைக்குப் பின்னால பாடினவாளையும் மேடைக்குக் கூப்பிட்டு, பேரைச் சொல்லி நிக்க வெப்பாளாம். அதுக்குன்னு ஒரு அரக்குப் புடவை எடுத்து வெச்சிருந்தேன். முட்டாள்தனம்.

உஷாராணி: முட்டாள்தனம்லாம் இல்லக்கா.

ஹம்சா: விடு, விடு. செஞ்சது யாருன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

உஷாராணி: யாரு?

ஹம்சா: சுபாஷிணி. இளையவளா வராளே, அவதான்.

உஷாராணி: அந்தப் புள்ளையா! வசனத்த இந்தி எழுத்துல எழுதி வச்சுப் படிக்கிற புள்ளைக்கா அது. ‘நாதா’ன்னு கூப்பிடச் சொன்னா ‘பையா’ன்னு அண்ணன் மொற வச்சுக் கூப்புடும். அது எதுக்கு ஒயரப் புடுங்குது?

ஹம்சா: பொறாமை! உன் பாட்டு கெட்டா அவ டான்ஸ் எடுபடும் பாரு. மூஞ்சியைப் பாத்து எடை போடாதே.

உஷாராணி: நான் மூஞ்சியப் பாத்துத்தான் எட போடுவேன். அவ அந்நேரம் எதுத்த பக்கம் ஜெயராம் சாரோட நின்னா, கப்பல்ல இருந்து எறங்கி வரணும்ல? அவருக்கு வேற பெல்ட்டு அவுந்து போச்சு, அவதான் கட்டி விட்டுக்கிட்டு இருந்தா.

ஹம்சா: அப்போ எலி.

உஷாராணி: எலியா?

ஹம்சா: அந்த ஹால்ல ஒவ்வொண்ணும் பூனை சைஸுக்கு இருக்கு. ஒயரை இழுத்திருக்கும்.

உஷாராணி: வேணு கருப்பு டேப்பு போட்டு ஒயரத் தரையோட ஒட்டியிருந்தாருக்கா. அந்த டேப்ப உரிச்சு, மடிச்சு ஓரமா வச்சிட்டு, பெறவு ஒயரப் புடுங்கியிருக்கு. எலிக்கு டேப்பு உரிக்கத் தெரியுமா?

ஹம்சா: டெல்லி எலிக்கு எதுதான் தெரியாது? எல்லாம் மினிஸ்ட்ரி ஃபைலைத் தின்னு வளந்தது.

உஷாராணி: அந்த டேப்புப் பசை சோப்புக்குப் போகாதுக்கா. தேங்காண்ணெ போட்டுத் தேச்சாத்தான் போகும்.

ஹம்சா: …இப்போ எதுக்கு அதைச் சொல்றே?

உஷாராணி: வேணு சொன்னாரு. சும்மா ஞாபகம் வந்துச்சு.

ஹம்சா: உஷா, நானும் ஒண்ணு கேக்கட்டுமா? சும்மாதான். எனக்கும் ஞாபகம் வந்தது.

உஷாராணி: கேளுங்க.

ஹம்சா: தீபாவளிக்கு முன்னால மார்க்கெட்ல துப்பட்டாக் கடை வாசல்ல ஒரு மாமி உன் கையைப் பிடிச்சுண்டு, ‘என்ன குரல்மா உனக்கு, நெஞ்சைப் பிழியறது’ன்னாளே. நீ என்ன சொன்னே?

உஷாராணி: …தேங்க்ஸ்னேன்.

ஹம்சா: நான் ரெண்டு கைலயும் பையைத் தூக்கிண்டு பக்கத்துலயே நின்னேன்.

உஷாராணி: தெரியும்.

ஹம்சா: ‘குரல் இவாளோடது மாமி’ன்னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

உஷாராணி: வாய் வரைக்கும் வந்துச்சுக்கா. ஆனா அந்தம்மா கைய விடாமப் புடிச்சிருந்தாங்க. சொன்னா விட்டுருவாங்கல்ல… அதுக்கு மனசு வரல.

ஹம்சா: என் கையை யாரும் அப்படிப் பிடிச்சதில்லை. அது போறாதுன்னு மாசக்கணக்கா குளிக்கறச்சே அதே பாட்டு! உன் பாத்ரூமுக்கும் என் பாத்ரூமுக்கும் நடுவுல ஒரு சின்ன ஜன்னல்தான் இருக்குங்கறது மறந்து போச்சா?

உஷாராணி: கேட்டுச்சா?

ஹம்சா: பக்கெட்ல விழற தண்ணி கூட சுருதியோட விழுந்தது. நீ விழலை.

உஷாராணி: ஒரு தடவ நானே பாடிப் பாக்கட்டுமான்னு சாருகிட்டக் கேக்கலாம்னு இருந்தேன். ஒங்ககிட்ட இருந்து புடுங்கணும்னு இல்லக்கா. யாரோ பாடி நாம வாயசைக்கிறது… கைதட்டு வாங்கிக்கிட்டு வீட்டுக்கு வந்து படுத்தா, களவாண்டுட்டு வந்த மாதிரி இருக்கும்.

ஹம்சா: கேட்டியா அவர்கிட்ட?

உஷாராணி: தைரியம் வரல.

ஹம்சா: நீ கேட்டுட்டேன்னு நினைச்சேன். அதான்…

உஷாராணி: அதான்?

ஹம்சா: ஒண்ணுமில்லை.

கஸ்தூரிரங்கன்: உஷாராணி, ஜல்தி வாங்கோ. அடுத்த சாட்சி நீங்கதான். ஹம்சா அதுக்கப்பறம்.

ஹம்சா: வேணு என்ன சொன்னார்?

கஸ்தூரிரங்கன்: என்ன சொல்றது? ‘சரியாத்தான் சார் ஒட்டினேன், சரியாத்தான் சார் ஒட்டினேன்’னு அதையே சொல்லிண்டு நிக்கறார். கண்ணுல தண்ணி வேற. சென்னை போனா அப்படியே வேலூர்ல அம்மாவைப் பாத்துட்டு வரலாம்னு இருந்தாராம். குழுவுலேந்து எடுத்துடறதுன்னு ரங்கராஜன் அபிப்ராயம். உஷாராணி எதாவது பாத்திருந்தாத்தான் உண்டு.

உஷாராணி: இந்தா வாரேன் சார். ஒரு வாய் காபி இருக்கு.

கஸ்தூரிரங்கன்: ரெண்டு நிமிஷம். அதுக்கு மேல ஆனா அதுக்கும் மெமோ வரும்.

ஹம்சா: …போயிட்டாரா? உஷா, வேணு மேல பழி விழப்படாது.

உஷாராணி: விழாது. நான் பாத்ததச் சொன்னா விழாது.

ஹம்சா: நீ எதைப் பாத்தே? உன் கண்ணுல ஃபோகஸ் லைட் அடிச்சுண்டிருந்தது.

உஷாராணி: பாடுறப்ப நான் எங்கிட்டுப் பாத்தேன்னு கவனிச்சீங்களா?

ஹம்சா: பக்கத்திரையைப் பாத்தே. எல்லாரும் அதைத்தானே பெருசாச் சொல்றா. புருஷன் போன திசையையே எரிச்சுடற மாதிரி பாத்தாளாம்…

உஷாராணி: புருசனாவது போன தெசையாவது! அந்தத் திரை ஒரு முழம் வெலகியிருந்துச்சுக்கா. பாடிக்கிட்டேதான் இருந்தேன்னீங்க. ஒங்க வாய் மூடியிருந்துச்சு. கண்ணு தொறந்திருந்துச்சு. ஒயரு கையில இருந்துச்சு.

ஹம்சா: மெதுவா பேசு…

உஷாராணி: மெல்லத்தான் பேசுறேன்.

ஹம்சா: ஒரு நிமிஷம் நீ வாயைத் திறந்துண்டு நிக்கணும்னு நினைச்சேன். அவ்வளவுதான். ஒரு நிமிஷம் அந்த ஹால் முழுக்கத் தெரியணும், குரல் யாரோடதுன்னு. அப்பறம் சொருகிடலாம்னுதான் இருந்தேன். நீ பாடித் தொலைப்பேன்னு எனக்குத் தெரியுமா? பாடினாலும் சிரிப்பான்னு நினைச்சேன். எழுந்து நின்னு தட்டறா! அந்தக் கத்தலுக்கு!

உஷாராணி: நானும்தான் நெனைக்கல.

ஹம்சா: போ. போய்ச் சொல்லு. அந்த மனுஷன் அங்க அழுதுண்டு நிக்கறான். எனக்கென்ன, அரக்குப் புடவையைப் பீரோல வெச்சுப் பூட்டிக்கறேன்.

கஸ்தூரிரங்கன்: உஷாராணி!

உஷாராணி: வாரேன் சார்! …எலின்னே சொல்லிருவேன்.

ஹம்சா: என்னது? டேப்பைக் கேட்டா என்ன சொல்லுவே?

உஷாராணி: டெல்லி எலிக்கு எல்லாந் தெரியும்னு நீங்கதான சொன்னீங்க? நான் என் கண்ணால பாத்தேன்னு சொன்னா முடிஞ்சுச்சு. எலிக்கு மெமோ அனுப்ப முடியாது, ஃபைலச் சந்தோசமா மூடிருவாங்க. வேணு அவங்கம்மாவப் பாக்கட்டும்.

ஹம்சா: எனக்காகவா பொய் சொல்றே? எதுக்குடி?

உஷாராணி: ஒங்களுக்காகன்னு யாரு சொன்னா? பாட்டு இனிமே எனக்கு. ஆர்மோனியத்துக்கு ஹம்சாக்கா வந்தாத்தான் சென்னைக்கு வருவேன்னு சாருகிட்டச் சொல்லப் போறேன். நீங்க அரக்குப் புடவையக் கட்டிக்கிட்டு வாங்க, பேரச் சொல்லிக் கூப்பிடுறப்ப மேடைக்கும் வாங்க. ஆனா பாட்டு நடக்குறப்ப திரைய அதே மாதிரி ஒரு முழம் வெலக்கி வச்சுக்கிட்டு, நேத்து பாத்த மாதிரியே என்னையப் பாக்கணும். நேத்து ஒங்க மூஞ்சியில இருந்ததத்தான்க்கா நான் அப்படியே பாடுனேன்.